கீறல் என்றால் எந்தக் கீறல்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சேர்ந்த முதல் வாரம், ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நான் சொன்ன வார்த்தை "பார்த்தாச்சு சார்". லாட் பார்த்தாச்சு, டிராயிங் பார்த்தாச்சு, பெட்டியில் ஒட்டிய சீட்டும் பார்த்தாச்சு. தரப் பிரிவில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சார் ஒவ்வொரு தடவையும் நிமிராமலே கேட்பார்: "எதால பார்த்தம்மா?"

"கண்ணாலதான் சார்."

"கண்ணால பார்த்தா இன்ஸ்பெக்‌ஷன். வெர்னியர் வச்சு நம்பர் எடுத்தா மெஷர்மென்ட். கேஜ் நுழையுதா இல்லையான்னு பார்த்தா செக். இழுத்து ஒடைச்சுப் பார்த்தா டெஸ்ட். டிராயிங்கையும் பொருளையும் பக்கத்துல வச்சு ஒத்துப் பார்த்தா வெரிஃபிகேஷன். பம்புல மாட்டி ஓட்டிப் பார்த்தா வேலிடேஷன். நீ இதுல எதைப் பண்ணிட்டு இங்க 'செக்டு'ன்னு எழுதியிருக்க?"

இது ஐஎஸ்ஓ புத்தகத்து இலக்கணம் இல்லை, எங்கள் ஷெட்டு இலக்கணம். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. 'மெஷர்டு' என்று எழுதினால் பக்கத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். 'டெஸ்டட்' என்றால் உடைந்த துண்டு ஒன்று எங்காவது கிடக்க வேண்டும். தமிழில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பெண் பார்க்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், நாடி பிடித்துக்கூடப் பார்க்கிறோம். அந்தத் தாராளம் ரிப்போர்ட்டில் செல்லாது.

நான் பொன்னேரிப் பக்கம். பத்தாவது வரை தமிழ்வழி, பிறகு மெக்கானிக்கல் டிப்ளமா. காலையில் மின்ரயில் ஏறினால் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. இறங்கி ஷேர் ஆட்டோ. எங்கள் கம்பெனியில் வார்ப்பிரும்பில் பம்ப் உடல்களை வார்த்து, கடைந்து, எண்ணூர்ப் பக்கத்துத் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அளவெடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்றுதான் அப்ரண்டிஸாகப் போனேன். எனக்கு வேகமாக டைப் அடிக்க வரும் என்று தெரிந்ததும் ரிப்போர்ட் எழுதும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தளத்தில் பேச்சு நாலு மொழியில் நடக்கும். தமிழ், எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு, ஒடியா, இந்தி. கணக்கிலும் ரிப்போர்ட்டிலும் மட்டும் ஆங்கிலம். அங்கே யாருக்குமே தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில்தான் அங்கே நடப்பது எல்லாம் எழுத்தாகிறது. சார் பழைய ஐடிஐ ஃபிட்டர். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கழுத்தைச் சொறிவார். எழுதச் சொன்னால் ஒரு சொல் பிசகாது.

நாலாவது மாதம் நான் ஒரு கண்டெய்னரை நிறுத்தினேன்.

நைட் ஷிஃப்டில் இருந்த இன்ஸ்பெக்டர் அண்ணன் போகும்போது, "பாப்பா, அந்த 240 பீஸ்ல ஏழெட்டுல கீறல் இருக்கு, எழுதிடு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். எழுதினேன். வீட்டில் கீறல் விட்ட சட்டி என்றால் ஒழுகும் சட்டி. கீறல் விழுந்த கண்ணாடி என்றால் உடைந்த கண்ணாடி. என் விரல் தயங்காமல் 'கிராக்' என்று அடித்தது. ரிப்போர்ட்டின் நகல் வழக்கம்போல் வாடிக்கையாளருக்கும் போனது. மதியத்துக்குள் பதில்: லாட் முழுவதையும் நிறுத்துங்கள், இதற்கு முன் அனுப்பிய லாட்டின் எண்ணைக் கொடுங்கள், ஒவ்வொரு பீஸையும் சோதித்து முடிவை அனுப்புங்கள். கேட்டில் நின்ற லாரியின் டிரைவர் கேபினிலேயே படுத்துத் தூங்கிவிட்டார்.

சார் திட்டவில்லை. "பீஸைப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். இந்தத் தடவை 'எதால' என்பதற்கே இடம் இல்லை. நான் பார்க்கவே இல்லை.

என்னைத் தளத்துக்குக் கூட்டிப்போய், ஒதுக்கி வைத்த பீஸ் ஒன்றை மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கணீரென்றது. பக்கத்தில் ஸ்கிராப் தொட்டியில் கிடந்த, நிஜமாகவே விரிசல் விட்ட பழைய பீஸ் ஒன்றைத் தட்டினார். பொத்தென்றது. மண்சட்டி வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்ப்பது ஞாபகம் வந்தது. வார்ப்படக்காரர்களும் அதையே செய்கிறார்கள்.

"சத்தம் போதாது. கஸ்டமருக்குச் சத்தத்தை அனுப்ப முடியாது," என்று சொல்லிவிட்டு டை பெனட்ரன்ட் டப்பாக்களை எடுத்தார். முதலில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தார். சிவப்புச் சாயத்தை ஸ்பிரே அடித்துவிட்டுப் பத்து நிமிடம் விடச் சொன்னார். பிறகு துணியால் சாயத்தைத் துடைத்து, அதன் மேல் வெள்ளைப் பொடி ஸ்பிரே. சுண்ணாம்பு அடித்த சுவர்போல் முகம் வெளுத்தது. ஸ்கிராப் பீஸில் சில நொடியில் தலைமுடிக் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. பார்க்கப் பார்க்கத் தடித்தது. உள்ளே இறங்கியிருந்த சாயம் மேலே கசிந்து வருகிறது. என் ஏழெட்டுப் பீஸ்களில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கோடு கண்ணுக்குத் தெரிந்தது, நகத்தில் லேசாகத் தட்டுப்பட்டது, அதற்குக் கீழே ஆழமே இல்லை. துடைத்தபோதே சாயம் எல்லாம் துணியோடு வந்துவிட்டிருந்தது.

"இது ஸ்கிராட்ச். மேலே மட்டும் இருக்கும். அது கிராக். உள்ள போகும், நாளைக்கு இன்னும் நீளும். ஸ்கிராட்ச்ன்னு படிச்சா அவன் 'எந்த முகத்துல'ன்னு கேப்பான். சீல் உட்கார்ற முகம்னா வேண்டாம்பான், வெளிப்பக்கம்னா தேய்ச்சு அனுப்புன்னுவான். கிராக்னு படிச்சா எதையும் கேக்க மாட்டான், நிறுத்துன்னுவான். வார்த்தையை எழுதுறதுக்கு முன்னாடி, இதைப் படிக்கிறவன் கையில என்ன வேலை விழும்னு யோசி."

நான் கற்றுக்கொண்ட தொழில் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். மற்றதெல்லாம் அதன் உதாரணங்கள்.

அவருடைய அலமாரியில் பழைய ஜெராக்ஸ் கட்டு ஒன்று இருந்தது. வார்ப்புக் குறைகளைப் படத்தோடு வகைப்படுத்திய சர்வதேசத் தொகுப்பு. அமெரிக்க வார்ப்படச் சங்கம் 1970களில் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஏ முதல் ஜி வரை ஏழு வகை: துருத்தல்கள், குழிகள், தொடர்ச்சி அறுதல், மேற்பரப்புக் குறை, முழுமையாக நிரம்பாதது, அளவு பிசகு, அயல்பொருள் சேர்க்கை. தொடர்ச்சி அறுதல் என்ற ஒரு வகைக்குள்ளேயே அடிபட்டு உடைந்தது ஒன்று, ஆறியபின் உள்ளழுத்தத்தில் வெடித்தது ஒன்று, சூடாக இருக்கும்போதே கிழிந்தது ஒன்று, இரண்டு பக்கமிருந்து ஓடிவந்த உருகிய இரும்பு ஒட்டாமல் நின்றது ஒன்று. கடைசியில் சொன்னதுக்கு கோல்ட் ஷட் என்று பெயர். பார்வைக்கு எல்லாம் கோடுதான். ஆனால் ஒன்றுக்கு உலைக்காரரிடம் போக வேண்டும், இன்னொன்றுக்கு அச்சுக்காரரிடம், மற்றொன்றுக்கு ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம். நான் தேடிய ஸ்கிராட்ச் அதில் முக்கியமாகவே படவில்லை. அது வார்ப்பில் பிறந்த குறை இல்லையே, வழியில் பட்டது.

வழியில் எங்கே பட்டது என்று அறிக்கை எழுத வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. ஃபோர்டு கம்பெனி 1980களில் பரப்பிய எட்டுப் படி முறை. சிப்காட் முழுக்க அதற்கு 'எய்ட்-டி' என்றுதான் பெயர். மூலகாரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் நெக்லிஜென்ஸ்' என்று எழுதினேன். நாலு பழைய அறிக்கைகளில் அப்படித்தான் இருந்தது.

சார் பேனாவை மூடி வைத்தார். "யார் அந்த ஆபரேட்டர்?"

பீஸ்களைத் தொட்டியில் அடுக்குபவர் ஒடிசாவில் இருந்து வந்த கான்ட்ராக்ட் ஆள். என் வயதுதான் இருக்கும். தமிழில் 'அக்கா, சாப்டியா' மட்டும் தெரியும்.

"நெக்லிஜென்ஸ் கோர்ட்டு வார்த்தை. கவனமா இருக்கணும்னு தெரிஞ்சும், இருக்க வேண்டிய கடமை இருந்தும், இல்லாம இருந்தான்னு அர்த்தம். அதை எழுதிட்டா கான்ட்ராக்டர் நாளைக்கே அவனை மாத்திடுவான். கீறல் நிக்குமா?"

'எரர்' என்று மாற்றினேன். அது நோக்கம் இல்லாத பிசகு. பழி குறைந்தது, ஆனால் காரணம் இன்னும் ஆள் தலையில்தான். 'ஓவர்சைட்' என்று போடலாமா என்று கேட்டேன். சார் சிரித்துவிட்டார். அந்தச் சொல்லுக்கு மேற்பார்வை என்றும் பொருள், கண்ணில் படாமல் விட்டது என்றும் பொருள். மேலதிகாரி செய்தால் முதலாவது, கீழே இருப்பவன் செய்தால் இரண்டாவது என்றார். (அகராதி அப்படிச் சொல்லவில்லை. அனுபவம் சொல்கிறது.)

பிறகு இருவரும் அந்த ஆள் நிற்கும் இடத்துக்குப் போனோம். கால் மணி நேரம் சும்மா நின்று பார்த்தோம். கடைந்து வந்த பீஸ்களை இரும்புத் தொட்டியில் முகத்தோடு முகமாக அடுக்குகிறார். நடுவில் வைக்க அட்டையும் இல்லை, ரப்பரும் இல்லை. யாரும் கொடுக்கவில்லை. ஒரு பீஸ் பதினாறு கிலோ. எந்த ஊர் ஆள் அடுக்கினாலும் உரசும். கட்டத்தில் கடைசியாக எழுதியது: தொட்டியில் தடுப்பு இல்லை. ஆங்கிலத்தில் நாலே சொல். அதில் ஆளே இல்லை.

அடுத்த கட்டத்தில் இன்னொரு வழுக்கல். கரெக்‌ஷன், கரெக்டிவ் ஆக்‌ஷன். காதுக்கு அண்ணன் தம்பி. கீறல் விழுந்த பீஸைத் தேய்த்துச் சரிசெய்வது முதலாவது. இனிமேல் கீறல் விழாதபடி தொட்டிக்குள் ரப்பர் போடுவது இரண்டாவது. தமிழில் இரண்டையும் 'சரிபண்ணிட்டோம்' என்று சொல்லிவிடுவோம். ஆடிட்டர்கள் பெரும்பாலும் இங்கேதான் பிடிக்கிறார்கள்.

அதேபோல் ரீவொர்க், ரிப்பேர். மிச்சம் இருக்கும் பொருளை எடுத்துக் கடைந்து டிராயிங் சொன்னபடியே கொண்டுவந்தால் ரீவொர்க். அதை நாமே செய்யலாம். குழி விழுந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பினால் பீஸ் ஓடும், ஆனால் டிராயிங் சொன்ன பீஸ் இல்லை. அது ரிப்பேர். வாங்குகிறவன் சம்மதம் இல்லாமல் கையை வைக்கக் கூடாது. அந்தச் சம்மதத்தின் பெயர் கன்செஷன். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு பாலிடெக்னிக் காலத்து சீசன் டிக்கெட்தான் நினைவுக்கு வந்தது. ரொம்பத் தப்பில்லை. விதியில் இடம் இல்லாததற்குக் கையெழுத்து வாங்கி இடம் பிடிப்பதுதானே இரண்டும். கன்செஷன் என்பது பீஸ் செய்து முடித்த பிறகு கேட்பது. செய்வதற்கு முன்பே கேட்டால் அதற்கு டீவியேஷன் என்று வேறு பெயர்.

'டிஃபெக்ட்' என்ற சொல்லை எங்கள் ரிப்போர்ட்டில் கண்டால் சார் கோடு போடுவார். பயன்படுத்துகிறவனுக்கு உதவாத குறை என்பது அதன் பொருள். நஷ்டஈட்டு வழக்குகளில் அதற்கு எடை உண்டு என்று ஐஎஸ்ஓ 9000 தரமே எச்சரிக்கிறது. அளவு கொஞ்சம் தள்ளிவிட்டால் அது நான்-கன்ஃபார்மிட்டி, அவ்வளவுதான். வாய்க்குள் நுழையாத சொல் என்று முதலில் முணுமுணுத்தேன். நுழையாத சொல்லை யோசிக்காமல் எழுத முடியாது. அதுவும் ஒரு வசதி.

பொருள்களை விட மனிதர்களுக்கு எழுதுவது கஷ்டம். 'சரக்கு வெள்ளிக்கிழமை அனுப்பலாம்' என்று மனதில் வைத்து 'மே பி டிஸ்பேட்ச்டு' என்று எழுதினேன். போகுமா, போனாலும் போகுமா, நாங்கள் அனுமதிக்க வேண்டுமா என்று மூன்று கேள்வி வந்தது. நம் '-லாம்' அனுமதியையும் சொல்லும், வாய்ப்பையும் சொல்லும். குரலில் பிரித்துக்கொள்வோம். மின்னஞ்சலுக்குக் குரல் இல்லை. ஒப்பந்தத் தாளில் 'ஷல்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி, 'கேன்' என்றால் முடியும் என்று மட்டும். பள்ளிக்கூடத்தில் இவற்றை 'ஐ ஷல், யூ வில்' என்று மனப்பாடம் செய்ததோடு சரி.

டிராயிங்கில் ஓர் அளவு புரியாமல் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்தேன். வகுப்பில் கையைத் தூக்கிச் சொல்வோமே, அதே டவுட். எதிர்முனையில் இருந்த வெள்ளைக்காரப் பொறியாளருக்கு அது 'உங்கள் டிராயிங்கை நான் நம்பவில்லை' என்று கேட்டிருக்கிறது. நம் சந்தேகத்தில் கேள்வியும் அவநம்பிக்கையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. 'கொஸ்டின்' என்று எழுதியிருந்தால் போதும். இன்னொரு தடவை டிராயிங்கின் புதிய திருத்தம் பற்றி 'வி வில் ரிவர்ட்' என்று எழுதினேன். பதில் சொல்கிறோம் என்பது என் நினைப்பு. பழைய திருத்தத்துக்கே திரும்பிப் போகிறீர்களா, ஏன் என்று பதறிக்கொண்டு போன் வந்தது. சென்னைக்கும் புனேவுக்கும் நடுவே ரிவர்ட் பிழையே இல்லை. அது நம் ஆங்கிலம், எல்லாருக்கும் புரிகிறது. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடல் தாண்டும் தாளில் மட்டும் விலக்கி வைக்கிறேன்.

சிரித்தே தீர வேண்டியது ஒன்று. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்ததால், 'டேமேஜ்' அலுத்துப்போய் தெசாரஸில் தேடி, வாட்ஸ்அப் குழுவில் 'இறக்கும்போது மூன்று இஞ்சூர்டு' என்று போட்டேன். இரண்டு நிமிடத்தில் சேஃப்டி ஆபீசர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார். பொருளுக்கு டேமேஜ், ஆளுக்குத்தான் இஞ்சூரி. 1852இல் தெசாரஸைத் தொகுத்த ரோஜே ஒரு மருத்துவர். அவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்திருக்கும். ஒரே அறையில் உட்கார வைத்த சொற்களை எல்லாம் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது நான்தான்.

சொல் வேட்டையை அடியோடு ஒழிக்க முயன்றவர்களும் உண்டு. அதில் ஒரு பெயர் எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமானது. திருவள்ளூரை அடுத்து கேட்டர்பில்லரின் தொழிற்சாலை இருக்கிறது. முன்பு அது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் மண்வாரி எந்திர ஆலை. அமெரிக்காவில் அதே கேட்டர்பில்லர் கம்பெனி 1970களின் தொடக்கத்தில், ஆங்கிலம் தெரியாத மெக்கானிக்கும் கையேட்டைப் படிக்க வேண்டும் என்று எண்ணூற்றுச் சொச்சம் சொற்களிலேயே கையேடுகளை எழுதிப் பார்த்தது. அதற்கு முன்னோடி 1930இல் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 850 சொற்களில் வகுத்த பேசிக் இங்கிலீஷ். கேட்டர்பில்லர் பத்தாண்டு சொச்சத்தில் அந்த முறையைக் கைவிட்டது. ஆனால் யோசனை விமானத் தொழிலுக்குப் போய் 1986இல் விதிப்புத்தகமாகி இன்றும் நடக்கிறது. அதில் 'க்ளோஸ்' என்றால் மூடு, அவ்வளவுதான். அருகில் என்று சொல்ல 'நியர்'. 'ஃபால்' என்றால் கீழே விழுவது மட்டும், அழுத்தம் குறைந்தால் 'டிக்ரீஸ்'. இறக்கைக்குக் கீழே நிற்கிறவன் 'ஃபால்' என்று படித்தால் தலைக்கு மேலே பார்த்தால் போதும், அழுத்தமானியைப் பார்க்க வேண்டாம். சார் சொன்ன அதே கணக்குதான்.

அந்தச் சிறிய பட்டியலைப் பார்த்தபோது ஆசையாகத்தான் இருந்தது. எண்ணூறு சொல்தானே, ஒரு மழைக்காலத்தில் படித்துவிடலாம். ஆனால் என் கண்டெய்னர் நின்றது ஆங்கிலச் சொல் தெரியாததால் இல்லை. கிராக், ஸ்கிராட்ச் இரண்டும் எனக்கு ஏழாவதிலேயே தெரியும். பொருளிடம் போகவில்லை. அதனால் இப்போது தளத்தில் பேசும் சொல்லையும் சேர்த்தே நோட்டில் எழுதுகிறேன். இடது பக்கம் அவர்கள் சொன்னது, நடுவில் பீஸின் போட்டோவை ஒட்டுகிறேன், வலது பக்கம் ரிப்போர்ட்டுக்குப் போகும் சொல். ஒடுக்கு என்று மதுரைக்கார அண்ணன் சொல்வதும் சொட்டை என்று இங்கே சொல்வதும் டென்ட். பிசிறு என்றால் பர். பொத்தல் என்று மட்டும் சொன்னால் நான் விடுவதில்லை. உள்ளே வழவழப்பாக இருந்தால் காற்றடைத்த ப்ளோஹோல், சொரசொரவென்று இருந்தால் உலோகம் சுருங்கிய ஷ்ரிங்கேஜ். கீறல் என்ற பக்கத்தில் மட்டும் இரண்டு போட்டோ ஒட்டியிருக்கிறேன். இரண்டிலும் வெள்ளைப் பொடி. ஒன்றில் சிவப்புக் கோடு உண்டு, மற்றதில் இல்லை.

இதுவரை நாற்பத்தொரு சொல் சேர்ந்திருக்கிறது. கோல்ட் ஷட்டுக்கு எதிரே இடது பக்கம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. எங்கள் ஷெட்டில் யாரும் அதற்குத் தமிழில் பெயர் வைக்கவில்லை. கோவைப் பக்கத்து ஃபவுண்ட்ரிகளிலோ அம்பத்தூர்ப் பட்டறைகளிலோ வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆட்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு போட்டோவும் சேர்த்து.